சொந்த உடைமைகள்

லாயத்தின் பெரிய கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை நிதானம் இரண்டு முறை படித்தார். முதல் முறை படித்தது புரிந்துகொள்வதற்கு. இரண்டாம் முறை, புரிந்தது சரிதானா என்று பார்ப்பதற்கு. வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டுள்ள ஊழியர்கள் தங்கள் சொந்த உடைமைகள் யாவற்றையும் இன்று மதியத்துக்குள் லாயத்திலிருந்து அகற்றிவிட வேண்டும், தவறினால் அவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பேற்காது என்று எழுதியிருந்தது. ‘யாவற்றையும்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. மேனேஜருக்குக் கோடு போடுவதில் தனி ஆனந்தம். எந்தச் சொல் முக்கியம் என்று அவருக்கே சந்தேகம் வரும்போது இரண்டு கோடு போடுவார்.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வேகத்தை விற்றுப் பிழைக்கும் இடத்தில் இத்தனை வருடம் குதிரைக்காரராக இருந்தும் ஒரு நாள்கூட அவசரப்பட்டதில்லை என்பதற்காக ஜாக்கிகள் கொடுத்த பட்டம். அவர் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு பந்தயம் ஓடி முடிந்து பரிசும் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். உடைமைகளை அகற்றியதும் அந்த வேகத்தில்தான் நடந்தது. முதலில் ரப்பர் பூட்ஸ். பிறகு மடக்கு நாற்காலி. அதன் ஒரு கால் எப்போதோ ஒரு குதிரை உதைத்ததில் வளைந்துபோய், அவர் உட்கார்ந்தால் மட்டும் சரியாக நிற்கும், வேறு யார் உட்கார்ந்தாலும் கவிழ்த்துவிடும். பிறகு கெட்டில், ஒரு பழைய ஸ்வெட்டர், கைப்பிடி போன குடை. எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்க் கடைசிக் கொட்டடிக்கு முன்னால் சிறிது நேரம் நின்றார். அங்கிருந்து மேனேஜரின் அறைக்குப் போனார். மேனேஜர் போனில் இருந்தார்.

“எல்லாத்தையுமா சார்?”

மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “யாவற்றையும்னா என்ன அர்த்தம்? உங்களோட ஒரு துரும்புகூட உள்ள இருக்கக் கூடாது.”

“இல்ல சார், ஒருவேளை ஏதாவது ஒண்ணு தேவைப்பட்டா...”

“உங்ககிட்ட இருக்கறது எங்களுக்கு எதுக்குய்யா? படிக்கத் தெரியும்ல?”

தெரியும் என்று நிதானம் தலையாட்டினார். திரும்பி வந்து கடைசிக் கொட்டடியின் தாழ்ப்பாளை நீக்கி டீச்சரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

டீச்சர் ஒரு வெள்ளாடு. உடம்பு முழுக்க வெள்ளை, இரண்டு கண்ணைச் சுற்றிலும் மட்டும் கறுப்பு வளையம். யார் எதிரே வந்தாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோல் தலையைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்க்கும். பார்க்கப்பட்டவருக்கு வீட்டுப்பாடம் எழுதாமல் வந்துவிட்டது போல இருக்கும். நிதானத்தின் மனைவி பாலுக்காக வாங்கிய ஆடு அது. அது வந்த கொஞ்ச நாளில்தான் லாயத்துக்கு இடிமுழக்கமும் வந்தது. இடிமுழக்கம் என்பது பந்தயப் புத்தகத்தில் இருந்த பெயர். முதலாளியம்மா பெரிய விலை கொடுத்து வாங்கிய அந்தக் கறுப்புக் குதிரையை லாயத்தில் எல்லோரும் கூப்பிட்ட பெயர் ‘பயந்தான்’. பறக்கும் பிளாஸ்டிக் பைக்குப் பயந்தான். குடைக்குப் பயந்தான். தண்ணீர் வாளியில் தெரிந்த தன் முகத்துக்கே பயந்து பின்வாங்கினான். உண்மையான இடி இடித்த அன்று கொட்டடிக் கதவை உடைத்துக்கொண்டு போய் வைக்கோல் கிடங்கில் ஒளிந்திருந்தான். தீனி எடுக்கவில்லை, படுக்கவில்லை. ஓர் இடத்தில் நின்றபடி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சமயத்தில் டீச்சர் தானாகவே மேய்ந்துகொண்டு உள்ளே போய், அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் கால்மாட்டிலேயே படுத்துவிட்டது. அன்று அவன் தொட்டியைக் காலி செய்தான். ரெண்டு நாள் இருக்கட்டும் என்றார் டிரெய்னர். அந்த ரெண்டு நாள் மூன்று வருடமாகிவிட்டது. இடிமுழக்கம் ஜெயித்தபோதெல்லாம் எடுத்த படங்களில் முதலாளியம்மா இருந்தார், டிரெய்னர் இருந்தார், ஜாக்கி இருந்தார், குதிரைக்குப் பக்கத்தில் போகவே அஞ்சும் மேனேஜர் நடுவில் இருந்தார். கூர்ந்து பார்த்தால் கீழே ஓரத்தில் இரண்டு வெள்ளைக் காதுகள் தெரியும்.

பந்தய லாயங்களில் இது அதிசயமில்லை. ஆட்டைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் குதிரை உண்டு, கிழட்டு மட்டக்குதிரை இல்லாமல் வண்டியேறாத குதிரை உண்டு. ஒரு குதிரைக்கு வாத்து. ஆனால் மேனேஜர் இங்கே வருவதற்கு முன் ஒரு பெரிய சோபா கடையை நிர்வகித்தவர். புல் வளர்ந்துவிடாமல் இருக்கத்தான் ஆட்டை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். விவரம் தெரிந்த டிரெய்னரோ அன்று வெளியூரில் ஒரு குதிரைக்குட்டியின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார். எனவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிதானமும், பின்னால் டீச்சரும், பெரிய கதவு வழியாக, யாரும் தடுக்காமல், பகல் வெளிச்சத்தில் வெளியேறினார்கள். அறிவிப்பைக் கடக்கும்போது டீச்சர் அதையும் ஒரு பார்வை பார்த்தது.

தகராறு மாலைச் சுற்றைப் பற்றியது. பிற்பகல் தீனி போட்டு முடிந்ததும் குதிரைக்காரர்களின் வேலை நேரம் முடிந்துவிடுகிறது. அது கணக்கில். உண்மையில் யாரும் அப்போது வீட்டுக்குப் போனதில்லை. ஒவ்வொரு குதிரையின் காலையும் கையால் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எது தீனியை மிச்சம் வைத்தது, எது தண்ணீரை முகர்ந்துவிட்டு விட்டது, எது சுவரைப் பார்த்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மிரண்ட குதிரை அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டுகிற வரைக்கும், சில நாள் அதற்குப் பிறகும். இந்த நேரத்துக்குக் காலங்காலமாகச் சம்பளம் கிடையாது. ஏனென்று கேட்டபோது மேனேஜர் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்து, தான் ஒரு வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று பதில் சொன்னார். அது வேலை இல்லை, அன்பு என்றார். அன்புக்கு விலை போட முடியுமா என்று கேட்டார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் மேனேஜருக்குக் குடும்ப ஞாபகம் வந்துவிடும். குடும்பத்தில் யாரும் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம். அந்த வைக்கோல் கட்டு நடுவில் அமுங்கி அவர் ஒரு பக்கமாகச் சரிந்தபோது, கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் நிதானம்தான். அதற்கும் விலை போடவில்லை.

அதன்பிறகு வேலைநிறுத்தம் வந்தது. குதிரை எதுவும் பட்டினி கிடக்கக் கூடாது, தீனியையும் தண்ணீரையும் ஜாக்கிகளும் கூலியாட்களும் கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்த பிறகுதான் வெளியே வர வேண்டும் என்பது சங்கத்தின் முதல் தீர்மானம். இரண்டாவது தீர்மானம்தான் கோரிக்கை. சங்கத்தின் செயலாளர் நிதானத்தின் மைத்துனர், மனைவியின் தம்பி. எல்லோரும் அவரைத் தலைவர் என்று கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள், அவர் அதைக் கவனிக்கவில்லை. தலைவர் ‘தண்ணி குடுக்கா’ என்று கேட்பதைக்கூட நாலு பேரைப் பார்த்துக் கேட்பவர். வேலைநிறுத்தம் அறிவித்த நாளிலிருந்து ஒரு சொற்பொழிவைத் தயாரித்து வைத்துக்கொண்டு, அதைப் பேசுவதற்கு ஏற்ற கூட்டம் எப்போது கூடும் என்று காத்திருந்தார்.

நிர்வாகத்தின் பதிலும் வந்தது. வேறு ஊரிலிருந்து புது ஆட்கள் வருகிறார்கள், சனிக்கிழமை பெரிய பந்தயம், அது முடிந்த மறுநாள் பழைய ஆட்கள் தங்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். குடியிருப்பு என்பது வைக்கோல் கிடங்குக்கு மேலே வரிசையாக இருந்த ஒற்றை அறைகள், ஏறும் படி லாயத்துக்கு வெளியே. நிதானத்தின் அறைக்கு ஒரு ஜன்னல், அதற்கு வெளியே முற்றம், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கீழே கடைசிக் கொட்டடி. அந்த அறையில்தான் அவர் மனைவி தையல் மெஷினைப் போட்டு, அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்து, மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து அனுப்பினார். இந்த வயதில் எந்த லாயத்தில் போய் நிற்பது என்று நிதானத்துக்குத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்திருந்தது, எந்த லாயத்திலும் நிற்க முடியாது என்று. அதனால் அவர் பேசாமல் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்திருந்தார்.

படியேறி வந்த டீச்சரைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தினார்.

“இதை எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க.”

“பயந்தான்?”

நிதானம் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் தான் இருந்த இடம் இவ்வளவு சிறியதா என்று கேட்பதுபோல் இருந்தது.

“பாலுக்குன்னு வாங்கினேன்,” என்றார் மனைவி. “உத்தியோகத்துக்குப் போன அன்னிக்கே பால் நின்னுபோச்சு. இப்ப உத்தியோகமும் போச்சு.” சொல்லிவிட்டு, அடுக்கிய பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தை மறுபடி வெளியே எடுத்து ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார்.

அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. முதலில் குளம்பு மாற்றி வைக்கும் சத்தம், பிறகு பலகையில் விழும் உதை. மேனேஜர் விஷயத்தைத் தன் பாணியில் கையாண்டார். சோபா கடையில் வாடிக்கையாளர்களுக்கு மெல்லிசை போட்டால் சாந்தமாகி விடுவார்கள். அதனால் கொட்டடிக்கு முன்னால் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் புல்லாங்குழல் போடச் சொன்னார். இடிமுழக்கம் தொட்டியைக் கவிழ்த்தது. துணைக்கு ஆள் இல்லாத குதிரைக்குக் கண்ணாடி வைத்தால் இன்னொரு குதிரை இருப்பதாக நினைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், சில குதிரைகளுக்கு அது உதவும். தன் முகத்துக்கே பயப்படும் குதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆளுயரக் கண்ணாடியில் தன் உருவத்தை முழுதாகப் பார்த்த இடிமுழக்கம் அதை ஒரே உதையில் தூளாக்கிவிட்டு வியர்வையில் நனைந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஒரு ஜாக்கி ஆட்டைப் பற்றி மேனேஜரிடம் சொன்னார். மேனேஜருக்கு நிம்மதியாகிவிட்டது. ஆடுதானே! கசாப்புக் கடையிலிருந்து ஓர் ஆட்டை வாடகைக்குக் கொண்டுவரச் சொன்னார். அது உள்ளே போனதும் இடிமுழக்கம் அதன் காதைக் கடித்தது. ஆடு அரைக்கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, பெரிய கதவையும் தாண்டி ஓடியது. பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் அதுவரை முழு லாபம் அடைந்தது அந்த ஆடு மட்டும்தான்.

இந்தச் செய்திகளெல்லாம் படியேறி வரும்போது தலைவருக்கு முகம் மலர்ந்தது. “மாமா, நீங்க பண்ணினது சாதாரண காரியம் இல்ல. எதிரியோட உயிர்நாடிய எதிரியோட உத்தரவ வெச்சே அறுத்திருக்கீங்க.”

“நான் ஒண்ணும் அறுக்கலப்பா. கேட்டேன், எடுத்துட்டுப் போன்னான்.”

“அந்த அடக்கத்தத்தான் நான் பேச்சுல சேர்க்கப் போறேன்.”

“டேய், டீ ஆறுது,” என்றார் அக்கா.

நிதானம் மைத்துனரின் மகிழ்ச்சியில் கலந்துகொள்ளவில்லை. அவர் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டிருந்தார். உதை விழும்போதெல்லாம் அவருடைய வலது முழங்கால் தானாகத் துள்ளியது. சத்தத்தை வைத்தே அது எந்தக் கால், எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. பின்னங்கால், குளம்புக்கு மேலே, எலும்பு மெலிந்த இடம். பந்தயக் குதிரைக்கு அந்த இடத்தில் ஒரு விரிசல் விழுந்தால் பிறகு நடப்பதைப் பற்றி லாயத்தில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஒரு மூடிய வண்டி வரும். மறுநாள் கொட்டடியைக் கழுவி விடுவார்கள். அவர் இரண்டு முறை அந்த வண்டியின் பின்கதவைச் சாத்தியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை, மனைவி தையல் மெஷினுக்கு உறை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, நிதானம் எழுந்து டீச்சரின் கழுத்தில் கயிற்றை மாட்டினார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“கால் போயிடும். இன்னிக்கோ நாளைக்கோ போயிடும். கால் போனா அதை யாரு வெச்சுக்குவாங்க?”

“நம்ம காலுக்கு யாரு இருக்கா?”

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். மனைவி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். “இது போனா அது அடங்கிடும். அது அடங்கினா சனிக்கிழமை ஓடும். அது ஓடிட்டா ஞாயித்துக்கிழமை நாம படியிறங்கணும். கீழ பன்னெண்டு பேரு வெயில்ல உக்காந்திருக்கான், அவனுங்களும் இறங்கணும். நீங்க ஒரு ஆட்டைக் கொண்டுபோய் விடறது அவ்வளவுதானா?”

“அது என்ன பண்ணுச்சு? அதுக்கு என்ன தெரியும், சங்கமா சம்பளமா?”

சுவரில் இன்னோர் உதை விழுந்தது. மனைவியும் அந்தக் குதிரைக்கு மூன்று வருடமாகப் பழைய போர்வைகளைத் தைத்துக் கொடுத்தவர்தான். அதன் உடம்பின் அளவு அவர் கைக்குத் தெரியும். கணவரின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள யாரும் வரலன்னா நானே கொண்டுபோய் விடறேன். ஆடு என்னோடது. நான் விட்டா சங்கத்துல யாரும் உங்களத் துரோகின்னு சொல்ல முடியாது.”

நிதானம் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குப் பொழுது மெதுவாகப் போவதுபோல் இருந்தது.

சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மதியம் டிரெய்னர் ஊரிலிருந்து திரும்பினார். கொட்டடியைப் பார்த்தார், கண்ணாடித் தூளைப் பார்த்தார், புல்லாங்குழலைக் கேட்டார். மேனேஜரிடம் அவர் என்ன சொன்னார் என்பது முழுதாகத் தெரியவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டதில் அச்சில் போடக்கூடியது ‘ஆடு’ என்ற ஒரு சொல்தான். கொஞ்ச நேரத்தில் படியில் பளபளக்கும் ஷூவின் சத்தம் கேட்டது. மேனேஜர் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு வந்து வாசலில் நின்றார். பின்னால் டிரெய்னர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார். உட்கார இடமில்லை. மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“அதுல கண்ணாடிச் சாமான் இருக்கு சார்,” என்றார் மனைவி.

மேனேஜர் எழுந்தார். கண்ணாடி என்ற சொல் அந்த வாரம் அவருக்கு ஆகவில்லை. காலியாக இருந்த ஒரே ஆசனம் நிதானத்தின் மடக்கு நாற்காலி. வேண்டாம் சார் என்று நிதானம் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். அது தன் வழக்கப்படி அவரைத் தரையில் விட்டது. நிதானம் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இது இரண்டாவது முறை.

“பாருங்கம்மா,” என்றார் மேனேஜர், பேன்ட்டைத் தட்டிக்கொண்டே. “நாம எல்லாம் ஒரே குடும்பம்.”

“உக்கார இடமில்லாத குடும்பம் சார்.”

வாசலில் டிரெய்னர் இருமினார். அதற்குள் செய்தி பரவி, தலைவரும் படியேறி வந்து, சட்டைப்பையில் கையை வைத்தபடி, சொற்பொழிவை எந்த இடத்தில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆட்டை நிர்வாகம் வாங்கிக்கத் தயாரா இருக்கு. நல்ல விலை.”

“விக்கறதுக்கில்ல சார்.”

“சரி, வாடகைக்கு. நாள் வாடகை. காலைல அது எங்க வேணா மேயட்டும். சாயங்காலத்துல இருந்து குதிரை தூங்கற வரைக்கும் உள்ள இருந்தா போதும்.”

“உள்ள இருந்து என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா பக்கத்துல படுத்திருந்தா போதும். அதுக்குத்தான் காசு.” மேனேஜர் ஒரு தொகையைச் சொன்னார். அவசரத்தில் இருந்தார், சனிக்கிழமை பந்தயத்துக்கு முதலாளியம்மா விருந்தினர்களோடு வருகிறார். யாரும் பேசாததைத் தயக்கம் என்று நினைத்து, அந்தத் தொகையை இரட்டிப்பாக்கினார்.

தலைவரின் கை சட்டைப்பையிலேயே நின்றுவிட்டது. மாலைச் சுற்றுக்கு ஒரு குதிரைக்காரருக்கு ஒரு நாளைக்குச் சங்கம் கேட்டிருந்த தொகையைவிட அது அதிகம். மேனேஜருக்கு மட்டும் அது உறைக்கவில்லை. பேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் புன்னகைகூடச் செய்தார்.

மனைவி தையல் மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். “சாயங்காலம் குதிரைகிட்ட சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஆட்டுக்கு இவ்வளவு குடுப்பீங்க?”

“கண்டிப்பா. கையோட குடுத்துடறேன்.”

“அப்ப அது அன்பு இல்லையா சார்?”

மேனேஜரின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மேனேஜர் மட்டும் மெதுவாக வெளியேறிக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரர் அந்தக் கொட்டடில இத்தன வருஷமா ராவாகற வரைக்கும் உக்காந்தாரு. அதை அன்புன்னீங்க. கீழ இருக்கறவங்க உக்காந்ததும் அன்பு. ஆடு உக்காந்தா மட்டும் அது வேலையா?” அவர் குரலை உயர்த்தவே இல்லை. துணி கொடுத்தவரிடம் அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குரல்தான். “எனக்கு ஆட்டு வாடகை வேண்டாம். டீச்சர் இப்பவே வரும், ஓசியா வரும். அதுக்குப் பயந்தான் மேல நெசமாவே அன்பு. மனுசனுக்குப் பேசுங்க.”

“அது பெரிய கொள்கை விஷயம்மா. நான் மட்டும்...”

“சார்,” என்றார் டிரெய்னர் வாசலிலிருந்து. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சுவரில் ஓர் உதை விழுந்து, பலகை கீறுகிற சத்தம் கேட்டது. “அந்தக் கால்ல விரிசல் விழுந்தா முதலாளியம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. நான் பண்ண மாட்டேன்.”

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலோரம் போய் முதலாளியம்மாவுக்குப் போன் செய்தார். சரிங்க மேடம் என்று பலமுறை சொன்னார். ஆடுதான் மேடம் என்று ஒரு முறை சொன்னார். திரும்பி வந்தபோது சோபா கடைக்குத் திரும்பிப் போய்விட்டவர்போல் இருந்தார். எழுதக் காகிதம் கேட்டார். எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால், அறையைக் காலி செய்யச் சொன்ன உத்தரவின் பின்பக்கத்தைத்தான் மனைவி எடுத்துக் கொடுத்தார். காலி செய்யும் உத்தரவு ரத்து என்று எழுதினார். மாலைச் சுற்று வேலை நேரமாகக் கருதப்பட்டு, சங்கம் கேட்டபடி ஊதியம் வழங்கப்படும் என்று எழுதினார்.

“யாவருக்கும்னு போடுங்க சார்,” என்றார் மனைவி. “அதுக்குக் கீழ ஒரு கோடு.”

மேனேஜர் கோடு போட்டார். பழக்கதோஷத்தில் இரண்டு போட்டார்.

நிதானம் அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தார். டீச்சர் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓடுவதை லாயத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை. இரண்டு ஜாக்கிகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

தலைவர் முற்றத்துக்கு இறங்கி வந்து, வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் ஏறி, காகிதத்தை உயர்த்திக் காட்டினார். பன்னிரண்டு பேரும் எழுந்து கத்தினார்கள், தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். அதுதான் அவர் காத்திருந்த கூட்டம். அவர் சட்டைப்பையிலிருந்து சொற்பொழிவை எடுத்து, தொண்டையைச் செருமி, “தோழர்களே, வரலாறு” என்றார். நிமிர்ந்து பார்த்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. எல்லோரும் அவரவர் குதிரையைப் பார்க்க ஓடிவிட்டிருந்தார்கள். கூலியாட்கள் எந்தக் காலில் துணிக்கட்டு எப்படிப் போட்டார்களோ, எதற்கு எந்த வாளியில் தண்ணீர் வைத்தார்களோ என்று கொட்டடிக்குக் கொட்டடி புலம்பல் கேட்டது, கூடவே சிரிப்பும். தலைவர் கொஞ்ச நேரம் வைக்கோல் கட்டின் மேலேயே நின்றார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கித் தன் சாம்பல் நிறக் குதிரையைப் பார்க்கப் போனார். அதற்கு அவர் பேச்சு என்றால் பிடிக்கும்.

மேலே அறையில் மனைவி மெஷினின் உறையை அவிழ்த்தார். எடுத்து வைத்த பாத்திரங்களை அலமாரியில் அதே இடங்களில் திரும்ப வைத்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த ஜன்னல் திரையை மாட்டப் போனவர், சுருக்கத்தைப் பார்த்து நின்று, அதை இஸ்திரி போட்டு மாட்டினார். நாலு நாளாக எதைத் தொட்டாலும் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி கையில் ஒட்டியிருந்தது. இப்போது கிண்ணம் வெறும் கிண்ணமாக இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றைத் தின்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மேனேஜருக்குப் பிஸ்கட் வாங்கத் தெரிந்திருக்கிறது. நின்றுகொண்டே இன்னும் இரண்டு தின்றார். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சுவரில் காதை வைத்துக் கேட்டார். எதுவும் கேட்கவில்லை. அவர் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் இறங்கியபோது ஒரு பிளாஸ்கில் டீ ஊற்றி எடுத்துக்கொண்டு கீழே போனார். ஒரு கையில் நாற்காலி. கொட்டடிகளில் மாலைச் சுற்று நடந்துகொண்டிருந்தது. குனிந்து காலைத் தடவும் முதுகுகள், வாளிகள் வைக்கும் சத்தம். ஒருவன் தன் குதிரையிடம் நாலு நாள் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிக் கொட்டடியில் நிதானம் வைக்கோலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இடிமுழக்கம் கால்களை மடக்கிப் படுத்திருந்தது. நான்கு நாளாகப் படுக்காத குதிரை. பின்னங்காலில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“எப்படி இருக்கு?”

“வீக்கம்தான். சூடு இறங்கிடுச்சு. எலும்புல ஒண்ணும் இல்ல.”

“சனிக்கிழமை ஓடுமா?”

“யாருக்குத் தெரியும்? டிரெய்னர் நாளைக்கு நடக்கவிட்டுப் பாக்கலாம்னாரு.” அந்தக் கேள்வி தன்னைச் சேர்ந்ததில்லை என்பதுபோலச் சொன்னார்.

மனைவி டீயை ஊற்றிக் கொடுத்தார். நாற்காலியை விரித்து வைத்தார். நிதானம் எழுந்து அதில் உட்கார்ந்தார், அது அவரை ஏற்றுக்கொண்டு நிமிர்ந்தது. முற்றத்தில் மணி அடித்தது. இன்றைக்குத்தான் முதல் முறையாக மாலைச் சுற்று முடிவதற்கென்று ஒரு மணி அடிக்கிறார்கள். ஒவ்வொரு கொட்டடியிலும் தாழ்ப்பாள் விழும் சத்தமும் போய்வருகிறேன் என்ற குரல்களும் கேட்டன. நிதானம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மணி அடிச்சாச்சுங்க.”

“ம்.”

“இதுக்கு மேல உக்காந்தா ஓசி.”

“தெரியும்.”

மனைவி அவரைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, புடவையில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார். டீச்சர் குதிரையின் கழுத்தோடு ஒட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இடிமுழக்கத்தின் கண் முழுதாக மூடியது. கொஞ்ச நேரம் கழித்து அதன் கால்கள் வைக்கோலுக்குள் லேசாக அசைய ஆரம்பித்தன, ஒன்றன்பின் ஒன்றாக, எங்கோ ஓடிக்கொண்டிருப்பதுபோல, ஆனால் எந்த அவசரமும் இல்லாமல். டீச்சர் அசைபோடுவதை நிறுத்தாமல், அந்தக் கால்களுக்கு இடம் விட்டுச் சற்றே நகர்ந்து படுத்துக்கொண்டது.